நீங்கள் மொழிபெயர்க்காத வாக்கியம்

அண்ணா,

போன ஞாயிறு சபைக்குள் நுழைந்து மேடையைப் பார்த்தேன். பிரசங்கியார் பக்கத்தில் நீங்கள் நின்று அவர் ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லிவந்த இடத்தில் விரிப்பு மட்டும் தேய்ந்து கிடக்கிறது. உங்கள் அடக்கம் முடிந்ததும் மைக்கை எடுத்துவிட்டார்கள். உங்களுக்குப் பதிலாக ஆள் யாரும் வரவில்லை. வாசலில் ஆளுக்கொரு இயர்போன் தருகிறார்கள். வெளியூர்ப் பிரசங்கியார் ஆங்கிலத்தில் பேசப் பேச, கம்ப்யூட்டர் குரல் ஒன்று காதுக்குள் தமிழில் சொல்கிறது.

"இனிமே ஒரு வார்த்தைகூட விட்டுப்போகாது" என்று போதகர் பெருமையாக அறிவித்திருந்தார். முதல் வாரமே கூத்து. வந்தவர் அன்பாக ஏதோ சொல்ல, "நீங்கள் எனக்குச் சுமையாக இருக்கிறீர்கள்" என்றது குரல். நீங்களாக இருந்தால் "உங்களைக் குறித்து எனக்குப் பாரம் உண்டு" என்றிருப்பீர்கள். அக்கறையைச் சொல்ல ஜெபத்தில் தினமும் புழங்குகிற சொல் அது. பின்வரிசைப் பெரியவர் ஒருவர், "நாம இன்னா பண்ணோம் இவருக்கு?" என்று கேட்க, சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

சேலையூர்ப் பக்கம் மைதானத்தில் நடந்த அந்த நற்செய்திக் கூட்டம் உங்களுக்கு மறந்திருக்காது. விசுவாசம் உள்ளவர்கள் மாத்திரைகளைத் தூக்கி எறியுங்கள் என்று வந்தவர் ஆங்கிலத்தில் முழங்கினார். நீங்கள் வாயைத் திறக்கவில்லை. காதில் விழவில்லை என்று நினைத்து அவர் இன்னொரு முறை சொன்னார். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னீர்கள்: "மாத்திரைய விடாதீங்க. ஜெபத்தையும் விடாதீங்க." கூட்டம் ஆமென் என்றது. தமிழ் தெரியாத மனிதர் சந்தோஷமாக உங்கள் தோளைத் தட்டினார்.

என் அரைகுறை ஆங்கிலத்துக்கே விஷயம் புரிந்துவிட்டது. திரும்பும் வழியில் டீக்கடையில், "என்னண்ணா, இப்படி மாத்திட்டீங்க?" என்று கேட்டேன்.

"அவர் நாளைக்கு ஃபிளைட் ஏறிடுவாரு. நான் அடுத்த ஞாயிறும் உங்க மூஞ்சிலதான முழிக்கணும்" என்றீர்கள். டீ கிளாஸை வைத்துவிட்டு, "ஜோதி மாத்திரை ஒழுங்கா போடுறாளா?" என்றீர்கள். அத்தனை பெரிய கூட்டத்தில் வலிப்புள்ள என் மனைவியை நினைத்துத்தான் நின்றிருக்கிறீர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதே பிரசங்கியார் இந்த ஞாயிறு நம் சபைக்கு வருகிறார். வண்டலூர் வரைக்கும் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். ஜோதி அந்தப் பழைய கூட்டத்தின் வீடியோவை போனில் தேடி எடுத்து, அதற்கும் கம்ப்யூட்டர் தமிழைப் போட்டுக் கேட்டிருக்கிறாள்.

"அண்ணா அன்னைக்கு நம்மள ஏமாத்திட்டாருங்க" என்றாள். "அவர் சொன்னத அப்படியே சொல்லியிருந்தா இந்நேரம் எனக்குச் சுகமாயிருக்கும்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. போய்ச் சேர்ந்த மனுஷனை இப்படிப் பேசுகிறாயே என்று கத்திவிட்டேன். அவள் திருப்பிக் கத்தியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவள் பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணா. காலையில் பார்த்தேன், நேற்றைய மாத்திரை அட்டையிலேயே இருந்தது.

அவர் மறுபடி மாத்திரையை எறியச் சொன்னால் அது அப்படியே எல்லார் காதிலும் விழுமே என்று போதகரிடம் சொல்லிப் பார்த்தேன். "மெஷின் எதையும் மாத்தாது, பிரதர்" என்றார், எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

உங்கள் குரல் எனக்கு இல்லை. உங்கள் ஆங்கிலமும் இல்லை. அந்த இரண்டு வரிகள் மட்டும் என்னிடம் இருக்கின்றன. இன்று தண்ணீரும் மாத்திரையுமாக அவள் முன்னால் போய் நின்று அவற்றைச் சொன்னேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இது யார் சொன்னது? அவரா, அண்ணாவா?"

"நான்" என்றேன்.

"ஞாயிறு வரைக்கும் பொறுங்க" என்று சொல்லிவிட்டு டம்ளரை மட்டும் வாங்கிக்கொண்டாள்.