பழுப்புக் கோடு

சாம்பியன் ரீப்ஸ்
3 ஜூன் 2025

அன்புள்ள சுனிதாவுக்கு,

நான் நலம். பெங்களூரில் நீயும் உன் அக்கா பார்வதம்மா வீட்டில் எல்லோரும் நலம்தானே? போனில் பேசினால் ரெண்டாவது நிமிஷமே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார்!

பக்கத்து வீட்டு கிருஷ்ணம்மா நேற்றும் கேட்டது, "இன்னாண்ணா, அண்ணி எப்ப வருது?" என்று. நம் பிள்ளை ஸ்ரீராம் நம்மை விட்டுப் போய்ப் பதினாலு மாதம். நீ பெங்களூர் போய்ப் பதிமூன்று. குழம்புக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டேன்.

போன வாரம் அவன் மேஜையைத் துடைத்தேன். காய்ச்சல் வருவதற்கு முன் அவன் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த பொம்மை அப்படியே நிற்கிறது. உள்ளங்கை உயரத்தில் ஒரு ஸ்காட்லாந்து சிப்பாய், மார்பு வரைக்கும்தான். இரண்டு தோளையும் சுற்றிக் கட்டம் போட்ட சால்வை. டார்டன் என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. இடது தோளில் கட்டத்தை முடித்துவிட்டான். வலது தோள் வெறும் சாம்பல் நிறம். அதை நான் முடிக்கலாம் என்றிருக்கிறேன்.

லுங்கிக் கட்டம்தானே என்று நினைத்து முட்டை ஓட்டில் போட்டுப் பழகினேன். அடேயப்பா! பச்சையும் நீலமும் குறுக்கே வெட்டும் இடத்தில் மூன்றாவதாக ஒரு நிறம் வர வேண்டும். துணி மடியும் இடத்தில் கோடும் மடிய வேண்டும். நாலு நாளாக ஆம்லெட்தான் சாப்பாடு.

முடித்தால் வந்து பார்ப்பாயா?

இப்படிக்கு,
மனோகர்

*

பெங்களூர்
9 ஜூன் 2025

ஸ்ரீ அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முப்பது வருஷத்தில் நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம். அக்கா படித்துவிட்டுச் சிரிக்கிறாள். ஆம்லெட்டே தின்றுகொண்டிருக்காதீர்கள், பிரஷர் மாத்திரையை விடாதீர்கள்.

அவன் செருப்பு கிடக்கும் இடத்தைத் தாண்டி என்னால் நடக்க முடியவில்லை, அதனால்தான் இங்கே வந்தேன். கொஞ்சம் கோபமும்தான், பொய் சொல்வானேன்? அவன் எதைக் கொண்டுவந்து காட்டினாலும் உங்கள் கண் முதலில் தப்பைத்தான் தேடும். ஆட்களோடு கேஜ் சுரங்கத்துக்குள் இறங்கும் முன் அதன் இரும்பு ரோப்பில் இழை அறுந்திருக்கிறதா என்று பார்த்த வேலை. தங்கச் சுரங்கம் மூடி இருபத்து நாலு வருஷமாகியும் அந்த வேலை உங்களை விடவில்லை. பிள்ளையையும் ரோப் மாதிரியே பார்த்தீர்கள்.

போகட்டும். முடித்ததும் எழுதுங்கள், வருகிறேன். அவன் கை பட்டது இனி அது ஒன்றுதான்.

ஸ்ரீ அம்மா

*

சாம்பியன் ரீப்ஸ்
24 ஜூன் 2025

அன்புள்ள சுனிதாவுக்கு,

முடித்துவிட்டேன்! இந்த அறுபத்தாறு வயதில் கை நடுங்காமல் கோடு இழுத்தேன் என்றால் நீ நம்பமாட்டாய். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும், விட்டால் கோணும்.

ஒரு விஷயம். பெட்டிப் படத்தில் பச்சை, நீலம், நடுவில் சிவப்புக் கோடு. நம் பிள்ளை சிவப்புக்குப் பதில் பழுப்பு போட்டு வைத்திருக்கிறான். போதாததற்கு ஒரு இடத்தில் கோடே இல்லை, அறுந்து நிற்கிறது. எனக்குத் தூக்கம் வருமா? அவன் பக்கத்தையும் படத்தைப் பார்த்துச் சரி பண்ணிவிட்டேன். இப்போது இரண்டு தோளும் ஒரே துணி மாதிரி இருக்கிறது. அவன் இருந்தால் ஒத்துக்கொள்வான்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு. காலை வண்டிக்கு சாம்பியன் ஸ்டேஷனில் நிற்பேன். செருப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

மனோகர்

*

பெங்களூர்
27 ஜூன் 2025

மனோகருக்கு,

இவ்வளவு வருஷத்தில் உங்கள் பேரை நான் வாயால் சொன்னதில்லை. இன்று எழுதுகிறேன். ஸ்ரீ அப்பா என்று எழுதக் கை வரவில்லை.

அவன் போட்டது தப்பு இல்லை. அது என் மப்ளர். கல்யாணமான முதல் மார்கழியில், குளிரில் தண்ணீர்க் குழாயடியில் நிற்கிறேன் என்று ராபர்ட்சன்பேட்டையில் நீங்களே வாங்கி வந்தது. பச்சை, நீலம், பழுப்புக் கோடு. அடுப்புப் பொறி பட்டு ஓட்டையான இடத்தில் நீல நூலால் தைத்தேன். கோடு அங்கேதான் அறுந்திருக்கும்.

அதை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டுதான் போட்டான். "பெட்டியில கீற டிசைன் யாருக்கும்மா வேணும்? உன் மப்ளரையே போடறேன். தெச்ச எடத்தகூட உடமாட்டேன். அப்பா கண்டுபுடிக்குதா பாக்கலாம்" என்றான்.

நீங்கள் கண்டுபிடிக்கவில்லை. ஸ்டேஷனில் நிற்க வேண்டாம்.

சுனிதா

*

சாம்பியன் ரீப்ஸ்
6 ஜூலை 2025

சுனிதாவுக்கு,

உன் கடிதம் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான் வந்தது. நான் ஸ்டேஷனில் நின்றேன். இரண்டு வண்டி பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

கடிதத்தைப் படித்ததும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அவன் பக்கத்தை மெல்லத் தேய்த்தேன். பயந்து பயந்துதான். போட்ட கட்டத்தின் மேல் அவன் வார்னிஷ் பூசி வைத்திருக்கிறான், சுனிதா. அதன் மேலிருந்த என் பெயிண்ட் மட்டும் கழன்று வந்தது. நகத்தளவு இடத்தில் பழுப்புக் கோடு தெரிந்தது. அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை, கண்ணை நீர் மறைத்துவிட்டது. மறுநாள்தான் மீதியை எடுத்தேன். கோடு அறுந்த இடமும் இருக்கிறது.

என் பக்கத்தையும் அழித்துவிட்டேன். பழையபடி சாம்பல் நிறம்.

முப்பது வருஷம் உன் கழுத்தில் கிடந்ததை நான் பார்த்ததே இல்லை. பிள்ளை பார்த்திருக்கிறான். ரோப்பில் அறுந்த இழை தேடிய கண்ணுக்கு இது தெரியவில்லையே! அவனிடம் ஒரு நாளாவது நல்லாயிருக்குடா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்ல முடிகிறது.

வா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

மனோகர்

*

பெங்களூர்
15 ஜூலை 2025

ஸ்ரீ அப்பாவுக்கு,

மப்ளரை இதோடு அனுப்பியிருக்கிறேன். நான் வரவில்லை. வண்டி ஏற பை எடுத்து வைத்தேன், நம் ஊருக்கு வண்டி திரும்பும் பங்காருபேட்டை பேரை நினைத்ததுமே பையைப் பிரித்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.

இதைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு வலது தோளைப் போடுங்கள். முடித்ததும் திருப்பி அனுப்ப வேண்டாம். காலையில் காற்று ஜாஸ்தியாக இருக்கும், கழுத்தில் சுற்றிக்கொள்ளுங்கள். செருப்பை எடுத்த இடத்திலேயே வையுங்கள்.

தைத்த இடத்தை மட்டும் சரி பண்ணாதீர்கள். கோடு இல்லாத இடத்தில் இல்லாமலே இருக்கட்டும்.

ஸ்ரீ அம்மா