ஹமாதானி என்ற பெயரில் வந்த விண்ணப்பம்

தகாவோகா,
பிப்ரவரி 9

அன்புள்ள மிஹோ,

நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று எண்ணிக்கொண்டுதான் எழுதுகிறேன். இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் ஒரு குறையும் இல்லை, பனிதான் இந்த வருஷம் கொட்டித் தீர்க்கிறது, நான் கூரை ஏறிப் பனியைத் தள்ளப் போய்விடுவேன் என்று பயந்து உன் அம்மா ஏணியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அவள் பக்கத்தில் வந்து நிற்பாள். ஜெர்மனியில் உன் கம்பெனியின் டுசல்டார்ஃப் கிளையை ஜூனில் மூடுகிறார்கள், அதற்குள் ஊர்ப் பக்கம் வேலை கிடைத்தால் வந்து உங்களோடு இருந்துவிடுவேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே கிடையாது.

வேலை தேட எந்த இணையதளத்தில் பதியலாம் என்று டிசம்பரில் கேட்டாய். எல்லாருக்கும் பொதுவான பெரிய தளங்கள் சின்ன வயசுக்காரர்களுக்கு, நாற்பத்தாறு வயதில் அங்கே போனால் குவியலுக்கு அடியில் கிடப்பாய் என்றேன். உங்களைப் போன்றவரைத்தான் தேடுகிறோம் என்று அழைப்பு அனுப்பும் தளங்கள் அதே வரியை ஆயிரம் பேருக்கு அனுப்புகின்றன, நீயோ ஒரு அழைப்பைப் படித்துவிட்டு ஒரு வாரம் தலைகால் புரியாமல் இருந்தாய். மருந்துத் துறைக்கென்றே ஒரு சின்னத் தளம் இருக்கிறது, தர ஆய்வு என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், அதில் பதி என்றேன். நான் வேலை பார்க்கும் தளம் மட்டும் வேண்டாம் என்றும் சொன்னேன். அப்பாவுக்குக் கூச்சம் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாயாம். சிரித்துவிட்டு அதிலேயே பதிந்தாய்.

அங்கே நான் என்ன செய்கிறேன் என்று நீ கேட்டதே இல்லை. கம்பெனிகளுக்கு வரும் விண்ணப்பங்களை அவர்களுக்கு முன்னால் நான் பார்க்கிறேன். விளம்பரத்தில் வயது வரம்பு எழுதச் சட்டம் விடாது. அதனால் போனில் சொல்வார்கள், "நாப்பதுக்கு மேல வேணாங்க, பொம்பளைன்னா முப்பத்தஞ்சோட நிறுத்திக்குங்க" என்று. எழுத்தில் ஒன்றும் இருக்காது. காதில் வாங்கிக் கழித்துவிடுவதுதான் என் வேலை, ஒன்றுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது, அதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை தொயாமா மருந்துக் கம்பெனி ஒன்றுக்குப் பதினாறு பேர் வந்திருந்தார்கள். ஒன்பதாவது நீ. படத்தில் கொஞ்சம் இளைத்திருந்தாய். பிரிவுத் தலைவி நிஷிகவா, உன்னைவிடப் பதினாலு வயது சின்னவள், என் பின்னால் வந்து நின்று, "ஹமாதானி சார், உங்க குடும்பப் பேராவே இருக்கே, தெரிஞ்சவங்களா?" என்று கேட்டாள். "இந்தப் பக்கம் தடுக்கி விழுந்தா ஒரு ஹமாதானி மேலதாங்க விழணும்" என்றேன். அவள் சிரித்தாள். அவள் சிரித்து முடிப்பதற்குள் பட்டனை அழுத்திவிட்டேன். மேன்மேலும் நீங்கள் சிறக்கப் பிரார்த்திக்கிறோம் என்று முடியும் ஒரு மறுப்பு உனக்கு வந்ததே, அதை அனுப்பியது நான்தான்.

அவள் பின்னால் நின்றதால் வேறு வழியில்லாமல் செய்தேன் என்று நினைத்து என்னை மன்னித்துவிடாதே. அழுத்தியதைத் திரும்ப எடுக்க ஒரு மணி நேரம் தருவார்கள். அவள் போய்விட்டாள், நான் டீ குடித்தேன். பதினாறில் உன்னுடையதுதான் நல்ல விண்ணப்பம். நான் மேலே அனுப்பிய இருவரும் உன்னிடம் வேலை கற்றுக்கொள்ள வேண்டியவர்கள். மார்ச்சில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும், எழுபத்திரண்டு வயதுக்காரனுக்கு நாற்காலி போடும் இடம் வேறு கிடையாது, சொந்தக்காரருக்குச் சலுகை காட்டினான் என்று ஒரு பேச்சு வந்தால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். வேலை இல்லாமல் வீட்டில் கிடக்க எனக்குப் பயம். உனக்காகக்கூட அந்தப் பயத்தை விட என்னால் முடியவில்லை, மிஹோ. வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் மறுநாளும் வேலைக்குப் போனேன்.

அம்மா கேட்டால் கம்பெனி வேண்டாம் என்றுவிட்டது என்று சொல். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. உன் மாடி அறைக்கு நேற்றுதான் புதுத் திரை தைத்து முடித்தாள், நாற்காலியில் ஏறிக் கொக்கி மாட்டிக் கொடுத்தேன். ஜெர்மன்காரிக்கு இந்த நிறம் பிடிக்குமா என்று கேட்டாள், பிடிக்கும் என்றேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, உடம்புக்கு ஒன்றும் வராமல் நல்லபடியாக இரு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன் விவரம் இன்னும் எங்கள் தளத்தில்தான் இருக்கிறது. மாதக் கடைசியில் தொயாமாவிலேயே இன்னொரு மருந்து ஆலைக்கு ஆள் எடுக்கிறார்கள், தளம் தானாகவே உன்னையும் அதில் சேர்த்துவிடும். அதுவும் என் மேசைக்குத்தான் வரும். அதற்குள் உன் விவரத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிடு. நிஷிகவா பின்னால் நிற்காவிட்டாலும் நான் அழுத்திவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
தொகுஜி