ஒரு ஆள் இடம்

இன்று காலை ஸ்டூடியோ கண்ணாடி முன்னால் வைக்கப் புதிதாக ஒரு பவுடர் டப்பா வாங்கி வந்தேன். மூடியைத் திருகியதும் ரோஜா வாசனை குப்பென்று வந்தது. அவ்வளவுதான், நீ வந்து நின்றுவிட்டாய். நாம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கண்ணாடிக்கு இதே பவுடர்தான். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்கள் ஒற்றிக்கொண்டதைவிட உன் கன்னத்துக்குப் போனதுதான் அதிகம். முதலாளி ஒருமுறை கேட்டேவிட்டார். "ஏம்மா, இது கஸ்டமருக்கா, உனக்கா?" நீ அசரவில்லை. "நான் பளிச்சுனு இருந்தாத்தான சார் கடைக்கு நாலு பேர் வருவாங்க" என்றாய்.

உனக்கு ஒரு சேதி. உன் மகள் ஜெனிக்கு வருகிற புதன்கிழமை கல்யாணம். மாப்பிள்ளைக்கு ரெட்டியார்பாளையம். நல்ல பையன். போட்டோவுக்குச் சிரிக்க மட்டும் தெரியவில்லை, பல்வலிக்காரன் மாதிரி நிற்கிறான். பழக்கிவிடலாம்.

உப்பளம் பகுதியில் நம் கடை அப்படியேதான் இருக்கிறது. முதலாளி வயதாகி ஒதுங்கிக்கொண்டார், இப்போது நான்தான் நடத்துகிறேன். கடல்காற்றில் துருப்பிடித்த ஷட்டர் இன்னமும் பாதியில் நின்று மானத்தை வாங்குகிறது. என் தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. அப்போது உன்னைவிட நான் சின்னவள். நீ அந்த வயதிலேயே நின்றுகொண்டாய், நான் உன்னைத் தாண்டி வந்துவிட்டேன். இப்போது நான்தான் உனக்கு அக்கா. இனிமேல் மரியாதையாகப் பேசு.

உனக்கு நினைவிருக்கும், கஸ்டமர் உள்ளே வருவதற்கு முன்னால் லைட் சரியாக விழுகிறதா என்று பார்க்க யாராவது ஸ்டூலில் உட்கார வேண்டும். நான் கேமரா பக்கம், நீ ஸ்டூல் பக்கம். அதற்காக நீ ஒருநாளும் முகத்தைச் சரிசெய்துகொண்டதில்லை. மதியச் சோற்றை மென்றுகொண்டே உட்காருவாய். உன் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணனோடு போனில் சண்டை போட்டுக்கொண்டே உட்காருவாய். "சீக்கிரம் எடுத்துத் தொலைடி, சாப்பாடு ஆறுது" என்று என்னைத் திட்டுகிற வாயோடு எத்தனையோ படம் இருக்கிறது. டெஸ்ட் படத்தை யாரும் படமென்று மதிப்பதில்லை. பார்த்துவிட்டு அழித்துவிடுவதுதான் வழக்கம். நான் அழிக்கவில்லை. அன்பினால் என்று சொன்னால் நீயே சிரிப்பாய். சோம்பேறித்தனம்தான்.

கம்ப்யூட்டரில் முகங்களைத் திருத்துகிற வேலை நம் இருவருக்கும் பொது. எனக்கு அப்போது கை சும்மா இருக்காது. பரு, தழும்பு, சுருக்கம் எது கண்ணில் பட்டாலும் வழித்தெடுத்துவிடுவேன். நீ பின்னால் வந்து நின்று நாற்காலியை ஆட்டுவாய். "ஒரு வாரத்துல தானா போறத எடு. மத்தது அவங்களுது, கை வைக்காத." பரு போகும், எடு. மச்சம் போகாது, விடு. வெயிலில் நடந்து வந்த களைப்பு போகும். நெற்றிச் சுருக்கம் எங்கே போகப்போகிறது? இதைச் சட்டம் மாதிரி வைத்திருந்தாய். பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற பெரியவர் ஒருவர் சுருக்கத்தையெல்லாம் எடுக்கச் சொல்லி அடம்பிடித்தபோது, "எடுத்துடறேன் முசியே. போன வருஷத்தைவிட எளசா இருக்காரே, இது அவருதானான்னு பென்ஷன் ஆபீஸ்ல கேட்டா என்ன சொல்வீங்க?" என்றாய். மனிதர் யோசித்துப் பார்த்துவிட்டு, இருக்கிற முகமே போதும் என்று வாங்கிக்கொண்டு போனார்.

குடும்பப் படம் எடுக்கும்போதுதான் உன் குரல் மாறும். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் வருகிற குடும்பங்களில் பெரும்பாலும் யாராவது ஒருவர் இருக்கமாட்டார். பர்ஸிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்து நீட்டி, "இவரையும் சேத்துக் குடுங்க" என்பார்கள். நீ வரிசையை நடுவில் பிரித்து, "இங்க ஒரு ஆள் எடம் விட்டு நில்லுங்க" என்பாய். கத்திப் பேசுகிற நீ அதை மட்டும் மெதுவாகச் சொல்வாய். நின்றவர்கள் எப்படியும் கொஞ்ச நேரத்தில் அந்த வெற்றிடத்தின் பக்கம் தோளைச் சாய்த்துவிடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன், எல்லோரும் அப்படித்தான்.

உன் கன்னத்து மங்குக்கு வருகிறேன். இரண்டு பக்கமும் காபி நிறத்தில் படர்ந்திருக்கும். அதை மறைக்கத்தான் அவ்வளவு பவுடரும். ஒருநாள் கூட்டமில்லாத மதியம், உன் டெஸ்ட் படத்தைத் திறந்து அந்த மங்கை முழுதாக எடுத்து, நிறத்தையும் கொஞ்சம் ஏற்றி உனக்குக் காட்டினேன். நீ வாயில் கை வைத்துச் சிரித்தாய். "யாருடி இவ? நல்லா இருக்காளே! எங்க வூட்டுக்காரரு கிட்ட காட்டிடாத, இவளையே கட்டிக்கிறேன்னு கெளம்பிடுவாரு." சிரித்துக்கொண்டே என் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கி ஒவ்வொன்றாக அன்டூ செய்து உன் பழைய முகத்தை வரவழைத்தாய். அப்போது ஏதோ சொன்னாய். வாசலில் ஆள் வந்த அவசரத்தில் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் அந்த மழைக்காலத்துக் காய்ச்சல். நன்றாகத்தான் இருந்தாய், போய்விட்டாய். ஜெனி அப்போது ஐந்தாம் வகுப்பு. ஊரெல்லாம் சாவுக்குப் பேனர் வைத்தால் நம் கடையில்தான் படம் தயாராகும், உன் பேனருக்கு என் கை ஓடவில்லை. ஸ்க்ரீனில் உன் முகம் வந்தாலே கண்ணீர் மறைத்தது. யாரோ உன் அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுபோய் வேறொரு கடையில் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் அவசரத்தில் அவர்கள் வழக்கப்படி செய்தார்கள். ரோஜாப்பூ நிறம், வழவழவென்று கன்னம், பின்னால் நீல மேகம். கண்ணீர் அஞ்சலி பேனரில் தெருமுனையில் நின்றது அந்த முகம். பேனரை அவிழ்த்த பிறகு அதே படம் பிரேமுக்குள் போய் உன் வீட்டுச் சுவரில் ஏறியது. சுவரில் ஏறியதை இறக்கச் சொல்ல யாருக்கு மனம் வரும்? எனக்கும் வரவில்லை.

போன மாதம் ஜெனி கடைக்கு வந்தாள். கல்யாணப் பத்திரிகையை நீட்டிவிட்டு, போகாமல் உன் ஸ்டூலில் உட்கார்ந்தாள். காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள், நீ ஏதாவது கேட்க நினைத்தால் ஆட்டுவாயே, அந்த மாதிரி.

"சித்தி, ஒண்ணு கேக்கட்டுமா? சிரிக்கக் கூடாது. எங்கம்மா கன்னத்துல ஏதாச்சும் இருந்துச்சா?"

"ஏன் கேக்குற?"

"எனக்கு என்னமோ பிரவுனா ஒண்ணு ஞாபகம் இருக்குது. டீ கொட்டிக் காஞ்ச மாதிரி. ஆனா வூட்ல இருக்கிற போட்டோல எதுவும் இல்ல. அப்பாவ கேட்டேன். இல்லம்மா, உங்கம்மா நல்ல கலரு, மூஞ்சி கண்ணாடி மாதிரி இருக்கும்னு சொல்றாரு. அத்தையும் அதத்தான் சொல்றாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன்னோடு குடும்பம் நடத்திய மனிதர், தினமும் அந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்து, பேனர் கடைக்காரன் செய்த முகத்தையே உன் முகம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அண்ணன் மேல் கோபம் வரவில்லை. அவர் பார்த்துப் பேச அந்த ஒரு முகம்தானே இருந்தது.

ஜெனி தலையைக் குனிந்துகொண்டாள். "போன்ல, படத்த அசைய வைக்கிற ஒரு ஆப்ல அந்த போட்டோவப் போட்டுப் பாத்தேன் சித்தி. அம்மா கண்ண சிமிட்டினாங்க, சிரிச்சாங்க. யாரோ மாதிரி இருந்துச்சு, பயந்து அழிச்சிட்டேன். எங்கம்மாவே எனக்கு யாரோ மாதிரி தெரியறாங்கன்னா, அவங்க முகமே எனக்கு மறந்துபோச்சுன்னுதான அர்த்தம்? அந்த பிரவுனு நானா கற்பனை பண்ணிக்கிட்டதுதான?" கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். கல்யாணப் பெண் அழுகிற அழுகை இல்லை அது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அழுதாள்.

பழைய ஹார்ட் டிஸ்கைத் தேடி எடுத்துச் சொருகினேன். அது உயிர் பிழைத்து ஓடுமா என்று நான் பட்ட பாடு இருக்கிறதே! கரகரவென்று சத்தம் போட்டது, ஓடிவிட்டது. டெஸ்ட் படங்கள் வரிசையாக வந்தன. நீ கொட்டாவி விடுகிறாய். நீ இட்லி மெல்லுகிறாய். நீ என்னைப் பார்த்துக் கையை ஓங்குகிறாய். ஒன்றைப் பெரிதாக்கினேன். வேர்வையில் பவுடர் கரைந்து, மங்கு இரண்டு கன்னத்திலும் அப்படியே தெரிகிறது.

ஜெனி எழுந்து வந்து ஸ்க்ரீனில் விரலை வைத்தாள். வைத்த விரல் மங்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தானாகப் போனது. கண்ணுக்குக் கீழே தொடங்கி, மூக்கு வரை வந்து, திரும்பிக் காதுப் பக்கம். அவள் பார்த்துப் பார்த்துத் தடவவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு நீ அன்றைக்குச் சொன்னது திரும்ப வந்தது. வார்த்தைக்கு வார்த்தை வந்தது. உன் மகளிடம் சொன்னேன். "இது நீ வயித்துல இருக்கும்போது வந்ததுடி. நான் ஒரு தடவ கம்ப்யூட்டர்ல எடுத்துக் காட்டுனேன், உங்கம்மா திரும்ப வச்சிட்டா. என்ன சொன்னா தெரியுமா? 'தெனம் எம்பொண்ணு இதத் தடவிக்கினேதான் தூங்குவா. இத எடுத்துட்டா அவ எங்க கை வப்பா?'ன்னு கேட்டா."

ஜெனி என்னைக் கட்டிக்கொண்டாள். "அப்ப எனக்கு மறக்கல" என்றாள். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாள். மறக்கல சித்தி, எனக்கு மறக்கல. படம்தான் தப்பு, பிள்ளை தப்பில்லை. நானும் சேர்ந்து அழுதேன், வெட்கமில்லாமல். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்த ஒருவர் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார்.

அந்தப் படத்தைத்தான் திருத்தினேன். உன் சட்டப்படி. தாடையில் ஒரு பரு இருந்தது, எடுத்தேன். நெற்றியில் வேர்வை மினுமினுப்பைக் குறைத்தேன். கண்மை ஒரு பக்கம் இழுபட்டிருந்தது, துடைத்தேன். மங்கைத் தொடவில்லை. முன்பல் கொஞ்சம் மேலேறி நிற்குமே, அதைத் தொடவில்லை. நிறத்தை ஏற்றவும் இல்லை. ஜெனி மட்டும் ஒன்று கேட்டாள். "இப்ப இருந்தா அம்மாவுக்கு நரைச்சிருக்கும்ல? கொஞ்சம் நரை போடலாமா?" முடியாது என்றுவிட்டேன். இருந்ததை எடுப்பதே தப்பென்று நாற்காலியை ஆட்டியவள் நீ. வராததைச் சேர்த்தால் என்னைக் கடைக்குள் விடுவாயா? நரையெல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன், நீ கறுப்பு முடியோடு இரு.

பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு இருவரும் வீட்டுக்குப் போனோம். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்த அந்தோணி அண்ணன், டிபன் பாக்ஸைக்கூடக் கீழே வைக்காமல் படத்தை வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகி, பிறகு மெல்ல இளகியது.

"ஆமா. இருந்துச்சு. பவுடரப் போட்டுப் போட்டு மறைப்பா." என் பக்கம் திரும்பி, "இத்தன வருஷம் இவள எங்க வச்சிருந்தம்மா?" என்று கேட்டார்.

அவருடைய அக்கா எட்டிப் பார்த்து, "என்ன இது, இவ்ளோ கறுப்பா இருக்குது? கல்யாண வூட்ல மாட்டறதுக்கு நல்லதா ஒண்ணு போடக்கூடாதா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஜெனி சொல்லிவிட்டாள். "அத்தை, எங்கம்மா கலரே அதுதான்." உன் குரல் அப்படியே. அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, நீல மேகத்துக்காரியைச் சுவரிலிருந்து இறக்கினார். அவளையும் தூக்கி எறியவில்லை, பீரோவுக்குப் பின்னால் மரியாதையாகத்தான் வைத்தார். ஆணி அதேதான். ஆள்தான் வேறு. இன்னொரு பிரிண்டை ஜெனி ரெட்டியார்பாளையத்துக்கு எடுத்துப் போகிறாள்.

புதன்கிழமை மாதா கோயிலில் கல்யாணப் பூசை முடிந்ததும் குடும்பப் படம். நான்தான் எடுக்கிறேன். உன்னையும் சேர்க்க வேண்டும் என்று ஜெனி கேட்டிருக்கிறாள். அதற்கும் டெஸ்ட் படங்களில் ஒன்றைத் தேடி வைத்துவிட்டேன். என்னைத் திட்டி முடித்துவிட்டு நீயே சிரித்துவிடுகிற படம். அதில் லைட் எந்தப் பக்கமிருந்து விழுகிறதோ, அந்தப் பக்கமே அன்றைக்கும் லைட்டை நிறுத்துவேன். அப்பா ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். அந்த மாப்பிள்ளைப் பையனும் அதற்குள் சிரிக்கக் கற்றுக்கொண்டிருப்பான்.

உன் வார்த்தையை நான்தான் சொல்லப்போகிறேன், உன்னைப் போலவே மெதுவாக. ஆனால் ஒரு ஆள் இடம் உனக்கு எங்கே பற்றும்? நீ என்ன ஒல்லியா? இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றுதான் சொல்வேன். அவர்கள் எப்படியும் உன் பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.