இரண்டு விரல் ஆழத்துக்கு மாவு

மச்சான்,

இன்று காலை என் மகள் ஒரு விடலைக் கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கிவந்து என் முன்னால் நீட்டினாள். அதன் மேல் அலகு வலது பக்கம் போகிறது, கீழ் அலகு இடது பக்கம் போகிறது, இரண்டும் சந்திப்பதே இல்லை. நெஞ்செலும்பு கத்தி போலத் துருத்திக்கொண்டிருந்தது. "இது பொழைக்காதுப்பா, கழுத்தத் திருகிப் போட்டுருங்க" என்றாள். வேறு ஆளே கிடைக்காத மாதிரி என்னிடம் வந்து கேட்டாள்.

நான் திருகவில்லை. ஒரு கை கோதுமை மாவில் தவிடும் கருவாட்டுத் தூளும் போட்டு, தண்ணீர் தெளித்துப் பிசைந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது. கடைசிக் கோழி செத்த பிறகு இத்தனை வருஷமாக அந்த வாடையை நான் குடியிருக்கும் காம்பராவுக்குள் விட்டதில்லை.

மகள் சிரித்தாள். "அந்தக் காலத்துல பங்களாக் கோழியத் திருடித் தின்னானாமே ஒருத்தன், அவன மாதிரி நீங்களும் கோழிப் பைத்தியமாப்பா?" என்றாள்.

அது உன்னைத்தான் மச்சான். நம் லயத்து வீடுகளில் இன்றைக்கு உனக்கு இருப்பது அந்த ஒரு பெயர்தான். கோழி தின்னவன். தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போகும் வயது வந்துவிட்டது என் மகளுக்கு, இன்று காலை வரை ஒரு தடவையும் நான் அவளைத் திருத்தவில்லை. அதனால்தான் செத்துப்போன உனக்கு மடல் எழுதுகிறேன். முதலிலிருந்து எல்லாம் தெரிந்த ஆள் நீ ஒருவன்தான்.

பாண் ரொட்டிக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற அந்த வருஷம் உனக்கு மறந்திருக்காது. வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. பீலித் தண்ணீர் ஓடும் கரையில் கீரை தீர்ந்தது, காட்டுக் கீரை தீர்ந்தது, பிறகு வாழைக்கிழங்கைத் தோண்டி அவித்தோம். உன் அம்மாவைத் தூக்க நாலு ஆள் கேட்டு நாம் லயம் லயமாக அலைந்தோம். வந்தவர்களும் பாதி வழியில் பாடையை இறக்கிவைத்து மூச்சு வாங்கினார்கள்.

அந்த வருஷத்திலும் துரை பங்களாவில் வெள்ளைக் கோழிகள் கொழுத்துக்கொண்டுதான் இருந்தன. நீ அவற்றின் காவலாள். மழை பிடித்துக்கொண்டதால் நாள் முழுக்கக் கூட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து, ஒன்றை ஒன்று கொத்தத் தொடங்கின. ஒரு கோழியின் பின்பக்கத்தில் துளி ரத்தம் தெரிந்தால் போதும், மற்றவை எல்லாம் பாய்ந்து அதன் குடலை உயிரோடு உருவின. செத்த கோழியைவிட சாகாமல் ஓடிய கோழியைப் பார்ப்பதுதான் கொடுமை என்று நீ சொன்னாய். அலகு நுனிகளை வெட்டி விடச் சொன்னார் துரை.

நீ என்னைக் கூப்பிட்டாய். தோட்டத்தில் என் கவ்வாத்துக் கத்திக்குப் பேர் இருந்தது. கிழடு தட்டிய தேயிலைச் செடியை ஒரே வீச்சில் குச்சி குச்சியாக நிறுத்திவிட்டுப் போவேன், இரண்டு மாதத்தில் துளிர் பொங்கி வரும். கத்தியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, முதல் கோழிக்கு நகம் வெட்டுவதுபோல நுனியை மட்டும் வெட்டிக் காட்டினாய். பிறகு ரத்தத்தை நிறுத்தச் சாம்பல் வாங்கப் பங்களாப் பக்கம் போனாய்.

எனக்கு உன் வெட்டு பிடிக்கவில்லை. இவ்வளவு நுனியாக வெட்டினால் ஒரு மாதத்தில் திரும்ப வளர்ந்துவிடும், பயந்தவன் கவ்வாத்து என்று நினைத்தேன். கீழே வெட்டினால்தானே நன்றாக வரும்? தேயிலையில் அப்படித்தான். மூக்குத் துளையை ஒட்டி வைத்து அழுத்தினேன். சதை கருகியது, ரத்தம் நான் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கில் பீய்ச்சியது, கோழி கத்தவும் முடியாமல் வாயைத் திறந்து திறந்து மூடியது. நீ சாம்பலோடு வரும்போது இருபத்துமூன்று கோழிகளை முடித்திருந்தேன். மேல் அலகே இல்லாமல், நாக்கு வெளியே தெரிய, மூலையில் தலையைக் கவிழ்த்து நின்றன. ரத்த வாடைக்கு மற்றவை அவற்றின் முகத்திலேயே கொத்திக்கொண்டிருந்தன.

சாம்பல் சட்டியைப் போட்டுவிட்டு என்னை அறைந்தாய். "தேயிலையாடா இது? வெட்டுன எடத்துல துளுத்து வர, தேயிலையாடா இது?" கேட்டுக் கேட்டு அறைந்தாய். எனக்கு அப்போதும் முழுதாக விளங்கவில்லை. இனி வளரவே வளராது என்று நீ சொன்ன பிறகுதான் கத்தி கையிலிருந்து விழுந்தது.

சத்தம் கேட்டுத் துரை இறங்கி வந்தார். நீ என்னை விறகு அடுக்குக்குப் பின்னால் தள்ளினாய். யார் வெட்டியது என்று கேட்டார். "நான்தாங்க தொரை" என்றாய். கைத்தடியைத் திருப்பிப் பிடித்து உன் வாயிலேயே போட்டார். இரண்டு முன்பற்கள் கோழி எச்சத்தில் விழுந்ததை விறகுச் சந்து வழியாகப் பார்த்தேன். விழுந்தவனை இன்னும் இரண்டு போட்டார். அன்றிலிருந்து உன் தாடை ஒரு பக்கமாகவே நின்றது, கஞ்சி தவிர வேறு எதுவும் உன்னால் தின்ன முடியவில்லை.

அவர் போன பிறகு உன் காலைப் பிடித்தேன். ரத்தத்தைத் துப்பிவிட்டு, "உனக்குப் புள்ள இருக்கு. எனக்கு யாரு இருக்கா? கத்திய எடுத்துக்கிட்டுப் போடா" என்றாய். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது அன்றே தொடங்கிவிட்டது.

அந்த இருபத்துமூன்றையும் கொன்று புதைக்கச் சொன்னார் துரை. துரைசானி விடவில்லை. தனிக் கூட்டில் வைத்துக் கையால் தீனி கொடுக்கச் சொல்லி, ஒரு கோழிக்கு நாளொன்றுக்கு ஒரு கை கோதுமை மாவு என்று உத்தரவு போட்டார். நமக்குக் கிடைத்த மாவில் புழு நெளியும். கோழிக்கு வந்த மாவு வெள்ளை வெளேரென்று இருந்தது.

நீ அந்தக் கோழிகளுக்குச் செய்த பணிவிடையைத் தோட்டமே கேலி பேசியது. ஒவ்வொன்றாக மடியில் வைத்து வாய்க்குள் ஒட்டிய மாவைக் கோழியிறகின் தண்டால் சுரண்டி எடுப்பாய். மூக்குத் துளையை ஈரத்துணியால் துடைப்பாய். அலகு இல்லாததால் அவற்றால் இறகு கோத முடியாது, பேன் ஏறிவிடும், அதற்குச் சாம்பலைத் தேய்த்து விடுவாய். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குற்றம் செய்தவன் நான், ஆனாலும் கோபம் உன் மேல் வந்தது. அது எப்படி என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

அப்போது என் மகளுக்கு ஒரு வயது. கால் இரண்டும் வீங்கி, அமுக்கினால் குழி விழுந்தது. ஒரு பகல் அவள் அழுவதையும் நிறுத்திவிட்டாள். கவ்வாத்து முடித்த கையோடு உன்னிடம் ஒரு பிடி மாவு கேட்கலாம் என்று கூட்டுக்கு வந்தேன். நீ ஒரு கோழியை மடியில் வைத்து, "தின்னு தாயி, ஒரு வாய் தின்னு" என்று மாவை ஊட்டிக்கொண்டிருந்தாய்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கோழியைப் பிடுங்கிக் கழுத்தைத் திருகினேன். ஒரு முறை போதும், நான் மூன்று முறை திருகினேன். நீ எழுந்தாய், உன் வாயில் குத்தினேன். துரை அடித்து இன்னும் ஆறாத அதே வாய். நீ விழுந்த பிறகும் காலால் உதைத்தேன். உன் ரத்தம் மாவுத் தகரத்துக்குள் சொட்டியது.

நீ திருப்பி அடிக்கவில்லை. தகரத்தை முதலில் நிமிர்த்தி வைத்தாய். பிறகு கோணிய வாயால் மெதுவாகச் சொன்னாய்: "கோழிக்குப் பாதிக்கு மேல தவுடு போட்டுட்டு மிச்ச மாவக் கைப்புள்ள இருக்கிற மூணு வீட்டுக்குக் குடுக்கிறேன்டா. உன் பொண்டாட்டி மடியில தெனம் கட்டிட்டுப் போறா. ஒரு கோழி செத்தா ஒரு கை மாவு போச்சு. இன்னைக்கி உன் புள்ள பங்கத்தான் நீ திருகிப் போட்ட."

 நீதான் செத்த கோழியை எடுத்து என் படங்குக்குள் சொருகினாய். "செத்தது செத்துப்போச்சு. மண்ணுல போடாத. புள்ளைக்கி ரசம் வச்சுக் குடு."

வீட்டில் மனைவியைக் கேட்டேன். ஏன் என்னிடம் மறைத்தாய் என்று கத்தினேன். "இப்புடிக் கத்துவீங்கன்னுதான். உங்ககிட்ட சொன்னா கண்டாக்கையா காது வரைக்கும் கேக்கும். அண்ணன்தான் சொல்ல வேணாம்னாரு" என்றாள். அவள் கோழியை ஆக்கினாள். மகளுக்கு ரசத்தைக் கரண்டியால் ஊற்றினோம், குடித்தாள். மீதியை நானும் மனைவியும் தின்றோம். கால் இரண்டையும் நான் தின்றேன். ருசியாக இருந்தது மச்சான், அதையும் எழுதிவிடுகிறேன். எலும்பைத் தேயிலைத் தூருக்கடியில் புதைத்தோம்.

மறுநாள் விடிந்ததும், தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு கூட்டில் எண்ணிப் பார்த்திருக்கிறார். இருபத்திரண்டு. உன்னைப் பெரட்டுக் களத்துக்கு இழுத்து வந்தார்கள். வேலைக்குப் பிரித்து அனுப்பும் நேரம், தோட்டத்துச் சனம் முழுக்கக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வரிசையில் நின்றது. நான் மூன்றாவது வரிசை.

"கோழி எங்கடா?" என்று கேட்டார் கண்டாக்கு.

"தின்னுட்டேங்க" என்றாய்.

முன்பல் இல்லாத, தாடை கோணிய வாய். கஞ்சியைக்கூடத் தலையைச் சாய்த்து ஊற்றிக்கொள்கிறவன் நீ. நீ கோழியைக் கடித்துத் தின்றாய் என்பதை அந்தக் களத்தில் நின்றவர்களில் யார் நம்பியிருக்க முடியும்? எல்லோரும் நம்பினார்கள். பசித்தவர்களுக்கு, ஒருத்தன் கறி தின்றான் என்று கேட்டதும் வெறி ஏறிவிட்டது. கண்டாக்கு கவ்வாத்துக் கம்பால் தொடங்கினார். பிறகு நம் ஆட்களே இறங்கினார்கள். முந்தின வாரம் உன் மாவைத் தின்ற வீட்டுக்காரன் உன் விலாவில் மிதித்தான், அவனுக்கும் மாவு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. நீ முகத்தை மறைத்துச் சுருண்டாய். கூட்டில் ரத்தம் கண்ட கோழிகளை நான் பார்த்திருக்கிறேன், அதற்கு மேல் அதைச் சொல்ல எனக்கு வராது.

என் இடுப்பில் கத்தி இருந்தது. வயிற்றில் உன் கோழி இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. என்னையும் விரட்டினால் பெண்டாட்டியும் பிள்ளையும் ரோட்டில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் இல்லை. ஆனால் அதற்கு முன்பே பயம்தான் வந்தது, காரணம் பிறகுதான் வந்தது.

அன்றைக்கே காம்பராவைக் காலி செய்யச் சொன்னார்கள். பீலியில் முகம் கழுவிக்கொண்டிருந்த உன்னிடம் வந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. நீயோ கோழியைப் பற்றிப் பேசினாய். "அந்த வேலையக் கேட்டு வாங்கு. வேற எவனும் வந்தா எல்லாத்தையும் அறுத்துருவான். மாவப் பரப்பி வச்சா அதுகளால பொறுக்க முடியாது. தகரத்துல ரெண்டு வெரல் ஆழம் வை, கீழலகால அள்ளிக்கிரும். தண்ணியும் ஆழமா வை. ஒட்டுற மாதிரிப் பெசையாத, மூச்சு அடைக்கும்." அவ்வளவுதான். ஒரு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு தலவாக்கலைப் பக்கம் இறங்கினாய்.

நான் கேட்டு வாங்கினேன். உன் வேலையில் போய் உட்கார்ந்தேன். அந்த இருபத்திரண்டும் சாகாமல் இருக்க, பெற்ற பிள்ளைக்குச் செய்யாததையெல்லாம் செய்தேன். மூன்று வீட்டுக்கும் மாவு போனது. என் மகளின் கால் வீக்கம் வற்றியது. ஒரு மாதம் ஆகியிருக்கும், ஸ்டேஷன் பக்கக் கடைத் தாழ்வாரத்தில் உன்னைச் செத்துக்கிடக்கக் கண்டதாக ஒருவன் வந்து சொன்னான். நடந்தே போனேன். அதற்குள் எடுத்துவிட்டார்கள். சாக்கு மட்டும் அங்கே கிடந்தது. நெஞ்சு வெடித்துவிடும் போல அழுதேன், அழுதுகொண்டே மாவு வைக்க நேரமாகிறதே என்று திரும்பி வந்துவிட்டேன்.

கடைசிக் கோழி, மகள் பள்ளிக்கூடம் போன வருஷம் செத்தது.

இன்று காலை அவள் உன்னைக் கோழித் திருடன் என்றதும், மாவு பிசைந்த கையோடு அவளை உட்கார வைத்தேன். முதல் வெட்டிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கோழியைக் கொன்றது நான், தின்றது நாங்கள், அவள் வாயிலும் ரசம் ஊற்றினோம் என்று சொன்னேன். பெரட்டுக் களத்தில் சொல்லியிருந்தால் ஒரு மூச்சில் முடிந்திருக்கும் பேச்சு.

 பிறகு, "அவரு கடைசியா என்ன தின்னாருன்னு கேட்டீங்களா?" என்றாள். அந்தக் கடைக்காரனிடம் நான் கேட்கவில்லை மச்சான்.

மாவுத் தகரத்தை என் கையிலிருந்து வாங்கினாள். "எவ்வளவு ஆழம் வைக்கணும்?" இரண்டு விரலைக் காட்டினேன். மாவைக் குவித்து, கோணல் அலகுக் கோழியை மடியில் வைத்துக்கொண்டாள். அது பக்கவாட்டில் தலையைச் சாய்த்து அள்ளி அள்ளித் தின்றது. கொழுந்தெடுக்கப் போகும்போது எல்லோரிடமும் இதைச் சொல்லப்போகிறேன் என்றாள். சொல்லு என்றேன்.

காலையிலிருந்து அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காதது சரிதான் மச்சான்.