தாய்மாமன் வரும் ரோடு

பேரூராட்சி அலுவலகம்
12-1-2026

அன்புள்ள அக்கா முத்துப்பேச்சிக்கு,

தம்பி காத்தமுத்து எழுதுவது. மச்சானும் குட்டி தமிழ்மதியும் சுகந்தானே? ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதே. துணைத்தலைவர் போனில் பேசியதை எவனோ பதிவு செய்து ஊர் குரூப்பில் விட்டுவிட்டான். அதிலிருந்து எனக்கும் பயம். எதுவானாலும் எழுதி டிரைவரிடம் கொடு, படித்ததும் கிழித்துவிடுவேன்.

பிப்ரவரி 8 குட்டியின் காதுகுத்தை திண்டுக்கல்லில் ஏ.சி. மண்டபத்தில் வைப்போம். எங்கள் கட்சி மாவட்டச் செயலாளர் வருகிறார். இந்தத் தேர்தலில் எனக்கு எம்.எல்.ஏ. சீட் கிடைப்பது அவர் வாயில்தான் இருக்கிறது. உன் கீழத்தெருவுக்குள் அவர் கார் வராது.

அன்புத் தம்பி,
காத்தமுத்து

கீழத்தெரு
14-1-2026

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. பொங்கல் வேலைக்கு நடுவில் எழுதுகிறேன், கோழிக்கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

கார் ஏன் வராது என்று பேரூராட்சித் தலைவரைத்தான் கேட்க வேண்டும். குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. பக்கத்து வீட்டு செபாஸ்தியம்மாள் அக்கா அதில் விழுந்து கை ஒடிந்து, மாவுக்கட்டும் பிரித்தாகிவிட்டது. பள்ளம் அப்படியே கிடக்கிறது.

மண்டபம் வேண்டாம் தம்பி. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்தவள். "நம்ம வீட்டு வாசல்ல, என் மடியில உக்கார வச்சுத்தான்க்கா காது குத்தணும்" என்று ஆஸ்பத்திரியில் அழுதுகொண்டே சொன்னது நீதான். சீர்த்தட்டோடு தெருமுனையிலிருந்து நடந்து வா. மாமன் முறை அதுதானே.

அக்கா

26-1-2026

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டாய், தம்பி செய்துவிட்டான். மெயின் ரோட்டிலிருந்து உன் வாசல் வரை தார் ரோடு, இரண்டே நாளில்! சாக்கடைக்கு வைத்திருந்த வேலையைத் தள்ளிவைத்துவிட்டு இதைத் தீர்மானம் போட்டோம். அன்றைக்குப் பிரியாணி வர நேரமாகிவிட்டது. உறுப்பினர்கள் எல்லோரும் பசியில், என்ன ஏது என்று கேட்காமல் கையைத் தூக்கிவிட்டார்கள். இனி வாசலிலேயே வைத்துக்கொள். திருப்திதானே?

காத்தமுத்து

30-1-2026

அன்புள்ள தம்பிக்கு,

ரோடு வழவழவென்றுதான் இருக்கிறது. ஆனால் என் வாசலோடு நின்றுவிட்டது. அடுத்து செபாஸ்தியம்மாள் அக்கா வாசலிலிருந்து அதே பழைய பள்ளம்தான். தெருவில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பூப்பறிக்கப் போகும்போது குனிந்த தலை நிமிராமல் போகிறேன்.

இன்னொன்று. தண்ணீர் வால்வுக் குழியின் மேலேயே தாரைப் போட்டு மூடிவிட்டார்கள். தண்ணீர் திறந்துவிடும் அழகர் கையில் சாவியோடு ரோட்டின் மேல் முன்னும் பின்னும் நடக்கிறான். "இங்கனதான்க்கா எங்கயோ இருந்துச்சு" என்கிறான். ரோடு போட்டதிலிருந்து தெருவுக்கே சொட்டுத் தண்ணீர் இல்லை. உடனே ஆள் அனுப்பு.

அக்கா

2-2-2026

அன்புள்ள அக்காவுக்கு,

உன் காலில் விழுகிறேன், எட்டாம் தேதி வரை ரோட்டை யாரும் தொடக் கூடாது. மாவட்டச் செயலாளர் பார்த்துவிட்டுப் போகட்டும். நீ பேசாமல் இரு. உன் வீட்டுக்கு மட்டும் பின்பக்கமாக லாரித் தண்ணீர் அனுப்புகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், பழக்கப்பட்டவர்கள்தானே. நான் மேலே போனால் உனக்கும் பெருமைதானே?

பிளெக்ஸ் தயார். அவர் படமும் என் படமும் போக, மூலையில் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் தமிழ்மதியைப் போடச் சொல்லியிருக்கிறேன்.

காத்தமுத்து

9-2-2026

தம்பிக்கு,

லாரித் தண்ணீரைத் தெருவோடு பிடித்துக்கொண்டோம், அது இரண்டு நாளைக்குக்கூடக் காணவில்லை. சனிக்கிழமை தெரு ஆட்கள் வால்வைத் தேடி, தெருமுனையிலிருந்தே ரோட்டை உடைத்துக்கொண்டு வந்தார்கள். கடப்பாரை எடுத்துக் கொடுத்தவள் நான்தான். வால்வு என் வாசலுக்கு நேராகவே கிடைத்தது. தண்ணீர் வந்துவிட்டது.

நேற்று மேளச்சத்தம் கேட்டதும் குட்டி "மாமா வந்துருச்சு" என்று வாசலுக்கு ஓடினாள். தெருமுனையோடு மேளம் நின்றுவிட்டது. நீ கண்ணாடியை இறக்கிப் பள்ளத்தைப் பார்த்தாயாம். மாவட்டச் செயலாளர் கண்ணில் படுவதற்குள் அவரை விருந்துக்குப் பிடித்திருந்த மண்டபத்துக்குத் திருப்பிவிட வேண்டும் என்று காரைத் திருப்பினாயாம். டிரைவர்தான் சொன்னான். தட்டு தூக்கிய பெண்கள் பலகை மேல் நடந்து வந்து சேர்ந்தார்கள். உன்னால் முடியவில்லை.

ஆசாரி அவசரப்படுத்தினார். சித்தப்பா மகன் சின்னக்கண்ணு மடியில் உட்காரவைத்தோம். ஒரு காது குத்தியதும் இறங்கி ஓடிவிட்டாள். "மாமா மடிதான் வேணும்" என்று ஒரே அழுகை. ஒற்றைக் காதில் தோடு போட்டுக்கொண்டு தூங்குகிறாள். பார்க்கப் பார்க்க எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மற்றக் காது உனக்காக இருக்கிறது. பிளெக்ஸ் வேண்டாம், மேளம் வேண்டாம், சேர்மன் வேண்டாம். என் தம்பி நடந்து வா. இந்த மாதம் முடியும்வரை பார்ப்பேன். இந்தக் கடிதத்தைக் கிழிக்க வேண்டாம், ஊர் குரூப்பில் போட்டாலும் எனக்குக் கவலையில்லை.

அக்கா

20-2-2026

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாதே. மாவட்டச் செயலாளரை மறுபடியும் அழைத்திருக்கிறேன், தேதி சொல்வார். நாளைக்கே ஆள் வந்து பள்ளத்தை மூடித் தார் போட்டுவிடுவார்கள். ரோடு சரியானதும் உடனே வந்துவிடுகிறேன்.

காத்தமுத்து

கீழத்தெரு
2-3-2026

மதிப்பிற்குரிய பேரூராட்சித் தலைவர் அவர்களுக்கு,

ஐயா,

எங்கள் தெருவின் தண்ணீர் வால்வு மறுபடியும் தாருக்குள் மூடப்பட்டுள்ளது. ஒரு வாரமாகத் தண்ணீர் இல்லை. திறந்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

என் மகள் தமிழ்மதிக்கு இரண்டாவது காதும் நேற்றுக் குத்தியாகிவிட்டது. ஆகவே தாங்கள் ரோட்டை எங்கு வேண்டுமானாலும் உடைக்கலாம்.

இப்படிக்கு,
முத்துப்பேச்சி
மற்றும் கீழத்தெரு பொதுமக்கள்