பதில் சொல்ல வேண்டியவர்

ஜூன் 3

தங்கைக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நூலகத்து அறிவிப்புப் பலகையில் உன் படத்தைப் பார்த்தேன், கன்னம் உப்பி நன்றாகத்தான் இருக்கிறாய். 'இளைஞர்களுக்குத் தலைமைப் பண்பு, தன்னம்பிக்கைப் பயிற்சி, சனிதோறும் காலை பத்து மணி' என்று போட்டு, கீழே நடத்துபவர் என்று உன் பெயர். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தேன்.

இருபத்திரண்டு வருடம் கழித்து எழுதுகிறேனே, சமாதானம் பேச வருகிறேன் என்று எண்ணிவிடாதே. ஒரே ஒரு சந்தேகம். நாம் இருவரும் வேலை பார்த்த அச்சகத்து விசாரணையில், என்னைக் காட்டி உன்னைக் கேட்டார்கள்: இயந்திரத்தின் காப்புத் தகடு ஆடுகிறது என்று இவர் முன்பே எழுதிக் கொடுத்தாரா? அந்த மனுவைக் கோப்பில் காணோம், ஆனால் அதைத் தட்டச்சு செய்தவளே நீதான். 'ஆமாம், கொடுத்தார்.' இரண்டு வார்த்தை போதுமாயிருந்தது. நீ வாயைத் திறக்கவில்லை. நான் ஓட்டிய இயந்திரத்தில் காகிதம் ஊட்டுகிறவரின் விரல் நசுங்கிய பழி என் தலையில் விழுந்து, வேலையும் போனது.

அப்படிப்பட்டவள் பிள்ளைகளுக்குத் தைரியமாகப் பேசக் கற்றுக்கொடுக்கிறாளாமே, எப்படி? எந்தப் புத்தகத்தை வைத்து? எனக்குப் பள்ளிக்கூடம் எட்டோடு சரி. மீதியெல்லாம் நானே படித்துத் தெரிந்துகொண்டது. அதனால் கேட்கிறேன்.

அண்ணன்
(அந்த உறவு இன்னும் செல்லுபடியாகுமானால்)

ஜூன் 11

அன்புள்ள அண்ணா,

செல்லுபடியாகும். கவரின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

புத்தகம் எதுவும் இல்லை. பதினேழு வயதிலிருந்து இருபத்தைந்து வரை பதினான்கு பேர் வருகிறார்கள். சீட்டுக் குலுக்கி வாரம் ஒருவரைத் தலைவராக்குவோம். கூடத்தின் சாவி, வருகைப் பதிவேடு இரண்டும் அவர் கையில். அன்று என்ன செய்வது என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிடுவேன், தலைவர் கேட்காமல் பேசமாட்டேன். விதி ஒன்றே ஒன்றுதான்: ஒருவரிடம் கேட்ட கேள்விக்கு இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது.

போன சனிக்கிழமை, கதவோரமாக உட்காரும் ஒரு பெண்ணின் முறை. பெயரைக் கேட்டால்கூடத் தோழியின் முகத்தைப் பார்ப்பாள். முன்னால் வந்து நின்றாள். இருபது நிமிடம் ஒரு வார்த்தை இல்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும்.

விசாரணை பற்றி எழுதிப் பார்த்தேன். கிழித்துவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை

ஜூன் 15

தங்கைக்கு,

இருபத்தோராம் நிமிடம் என்ன ஆனது? கதையை நடுவில் வெட்டிவிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாயே. இரண்டு நாளாக அந்தப் பெண் என் வீட்டுக் கூடத்திலேயே வந்து நிற்கிறாள். அழுதாளா? ஓடிவிட்டாளா? நீ ஏன் எழுந்து போய் உதவவில்லை? பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதற்கு ஆசிரியை எதற்கு? வாயை மூடிக்கொண்டு இருப்பது உனக்குக் கைவந்த கலை என்று தெரியும். அதையே பாடமாக்கிவிட்டாயா?

அப்புறம் அந்த விதி. பதில் தெரிந்தவன் சொன்னால் என்ன குடியா முழுகிவிடும்? யார் சொல்லிக்கொடுத்தது உனக்கு?

அண்ணன்

ஜூன் 24

அன்புள்ள அண்ணா,

அழவும் இல்லை, ஓடவும் இல்லை. "யாராவது அந்த ஜன்னலைத் திறக்கிறீங்களா?" என்று கேட்டாள். மூன்று பேர் எழுந்தார்கள். அவளுக்கே ஆச்சரியம். தான் சொல்லி ஒன்று நடப்பதை அன்றுதான் முதன்முதலில் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. "மூணு பேர் எதுக்கு, ஒருத்தர் போதும்" என்றாள் அடுத்து. பிறகு வகுப்பு தானாக ஓடியது. நான் முதல் நிமிடமே எழுந்து போயிருந்தால் இதைப் பார்த்திருக்க மாட்டேன்.

விதியைச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான். கோபப்படாமல் படியுங்கள்.

சின்ன வயதில் என்னிடம் யார் எது கேட்டாலும் பதில் உங்களிடமிருந்துதான் வரும். பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியை என் பெயரைக் கேட்டார், நீங்கள் சொன்னீர்கள். டாக்டர் எங்கே வலிக்கிறது என்றார், நீங்கள் என் வயிற்றைத் தொட்டுக் காட்டினீர்கள். வலித்தது காது. அச்சக வேலைக்கான நேர்காணலுக்குக்கூட நீங்கள் உள்ளே வந்து உட்கார்ந்தீர்கள். பாசம்தான். எனக்கும் வசதியாக இருந்தது.

விசாரணை அறையில் அதிகாரி கேட்டதும், பழக்கம், உங்கள் பக்கம் திரும்பினேன். நீங்கள் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்போது முப்பத்தொன்பது வயது எனக்கு, அண்ணா. அவர் 'பதில் இல்லை' என்று எழுதி முடித்த பிறகுதான் கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது என்பதே எனக்கு உறைத்தது. அன்று மாலையே திரும்பிப் போய்ச் சொன்னேன். கோப்பை மூடிவிட்டோம் என்றார்கள். இதையெல்லாம் அப்போதே மூன்று கடிதங்களில் எழுதினேன். மூன்றையும் பிரிக்காமல் திருப்பி அனுப்பினீர்கள்.

தப்பு என்னுடையது. மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் உங்களுக்கு இதில் பங்கே இல்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

தங்கை

ஜூலை 2

தங்கைக்கு,

காதுவலிக் கதை பொய். வயிற்றுவலிதான். நான் பக்கத்தில் இருந்தேன்.

நான் ஏன் சுவரைப் பார்த்தேன் என்று நீ கேட்கவே இல்லை. நீ உள்ளே வருவதற்கு முன்பே அந்த அதிகாரி, நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசினாலும் உன் சாட்சி செல்லாது என்று சொல்லியிருந்தார். உன் முகத்தைப் பார்த்தால் நானே சொல்லித் தொலைத்துவிடுவேன் என்று பயம். வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான் உனக்காக நான் பேசாமல் இருந்தேன்.

கடிதங்களைப் பிரிக்காதது என் இஷ்டம். அதற்கு மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன்.

சனிக்கிழமைகளில் வெளியாட்கள் வரலாமா? அந்த ஜன்னல் பெண்ணை ஒரு தடவை பார்க்க வேண்டும். வேறு காரணம் எதுவும் இல்லை.

அண்ணன்

ஜூலை 8

அன்புள்ள அண்ணா,

கடிதத்தை நான்கு முறை படித்தேன். இது தெரியாமலே இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன்.

வாருங்கள். இந்த வாரச் சீட்டு மறுபடி அவளுக்கே விழுந்திருக்கிறது. முகத்தை மூடிக்கொண்டாள், ஆனாலும் சாவியை வாங்கிக்கொண்டாள். உங்களுக்குக் கடைசி வரிசைதான். விதி உங்களுக்கும் உண்டு.

தங்கை

ஜூலை 14

தங்கைக்கு,

நேற்று வகுப்பு முடிந்ததும் உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன். பஸ் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

அந்தப் பெண் பதிவேட்டோடு வந்து, என்னைக் காட்டி உன்னிடம், "மேடம், இவர் யாரு?" என்று கேட்டாளே, என் வாய் பாதி திறந்துவிட்டது. நான் யார் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்தேன், இன்னும் எரிகிறது.

நீ என் பக்கம் திரும்பவில்லை. அவளையே பார்த்து, "என் அண்ணன். அச்சகத்துல இருந்தார். தகடு ஆடுதுன்னு முன்னாடியே எழுதிக் கொடுத்தவர்" என்றாய். பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனால் அந்தப் பெண் ஒரு வார்த்தை விடாமல் பதிவேட்டில் எழுதினாள். எட்டிப் பார்த்தேன். எழுத்துப் பிழைகூட இல்லை.

இருபத்திரண்டு வருடம் தாமதம். அதை நான் தள்ளுபடி செய்யப் போவதில்லை.

கடைசி வரிசையில் எனக்குப் போட்ட நாற்காலிக்கு ஒரு கால் ஆடுகிறது. அவளிடம் எழுதியே கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை திருப்புளியோடு வருவேன்.

காது இப்போது வலிப்பதில்லையே?

அண்ணன்