பலகையை மறைத்த கம்பம்

மார்ச் 4, திங்கள்

மோட்டார் புகைந்துவிட்டது. இனி ரீவைண்டிங் செய்தாலும் தேறாதாம். ஒரு ஃபேஸ் கரண்டை மூன்றாக்கித் தரும் என்று ஒரு பெட்டியை நம்பினேனே, அது தின்றுவிட்டது. லாரி என்ஜின் கிராங்க் தண்டைச் சாணை பிடிக்கும் மெஷினுக்கு மூன்று ஃபேஸ் லைன் வேண்டும் என்று இந்தக் குமாசி ஊரில் யாருக்குத் தெரியாது? எனக்கும் தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல்.

மார்ச் 6

அப்ராஃபி பழையதைக் கிளறவில்லை. வேறு மனைவியாக இருந்தால் குத்திக் காட்டியிருப்பாள். நானே கிளறிக்கொள்கிறேன்.

மூன்று வருடம் முன்பு எங்கள் கடைச் சந்து முழுவதும் சேர்ந்து மூன்று ஃபேஸுக்கு மனு போட்டது. லேத் கடை ட்வுமாசி தாளை எடுத்துக்கொண்டு கடை கடையாக வந்தார். ஒரு கம்பம் என் வாசலில் வரும் என்றார். வந்தால் என் பெயர்ப்பலகை மறையும். புத்தம் புதுப் பலகை, சிவப்பெழுத்தில் 'க்வபேனா அடுசேய்'. மாட்டேன் என்றேன். லைன் ட்வுமாசி கடையோடு நின்றது. எனக்கு அப்பால் இருக்கும் ஒன்பது கடைக்கும் இல்லாமல் போனது. ஒரு பலகைக்காக!

மார்ச் 19

கடைக்காரர் சங்கச் செயலாளர் வந்து நினைவுபடுத்தினார். மூன்று மாதம் மெஷின் ஓடாமல் கிடந்தால் இடம் வரிசையில் காத்திருப்பவருக்குப் போகும். ஜூன் நான்கு கெடு. பதினேழு வருடம் இங்கே இருந்திருக்கிறேன். இரண்டு டன் இரும்பை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

ஏப்ரல் 2

மின்சார அலுவலகத்தில் ஒரே பதில்: லைனை நீட்ட, அது இப்போது முடியும் கடைக்காரர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதாவது ட்வுமாசி.

ஏப்ரல் 3

மன்னிப்புக் கேட்க வழக்கப்படி ஷ்னாப்ஸ் சாராய பாட்டிலோடு ட்வுமாசியிடம் தனியாகப் போனேன். பாட்டிலை என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"மன்னிப்புக் கேக்க ஒரு பெரியவரைக்கூடக் கூட்டிட்டு வரலையா? நாளைக்கு நீ, 'நான் மன்னிப்பே கேக்கலை'ன்னு சொல்றதுக்கா?"

யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்றுதான் போனேன். அவருக்கு அது தெரிந்துவிட்டது.

ஏப்ரல் 20

கெடுவுக்கு ஒன்றரை மாதம்தான். என்னையே கேட்டுக்கொள்கிறேன்: என்னடா செய்யப் போற?

மே 5, ஞாயிறு

அம்மாவின் தம்பி, வியாஃபே மாமா, முன்னே நடந்தார். நான் பின்னால். ட்வுமாசி ஒன்பது கடைக்காரர்களையும் அழைத்து வைத்திருந்தார். மாமா பாட்டிலை நீட்டினார். பேச வேண்டியவன் நான். என் பலகைக்காக உங்கள் எல்லோருடைய லைனையும் நிறுத்தினேன் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

மாவு மில் போக்குவாவுக்குத்தான் வாய் அடங்கவில்லை. "மூணு வருஷமா அந்தப் பலகையத்தான் பாத்துக்கிட்டிருக்கோம். அதுல மாவு அரைபடுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன், வெட்கமே இல்லாமல். ட்வுமாசி முன்னோருக்குத் தரையில் கொஞ்சம் ஊற்றி, தான் கொஞ்சம் குடித்து, கையெழுத்துப் போட்டார்.

மே 27

கெடுவுக்கு எட்டு நாள். லைன்மேன்கள் வரவில்லை. கேட்டால் மழையாம்.

மே 31

கம்பம் நட்டார்கள். பலகைக்கு நேர் எதிரே. 'அடு' மட்டும் தெரிகிறது.

ஜூன் 3

வேறு மோட்டார் மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். சாணைச் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றியது. உயிரே போய்விட்டது. நாளை கெடு, இது வேறா? ட்வுமாசி எட்டிப் பார்த்தார்.

"நீயே ஏறுமாறு. உன் மெஷின் மட்டும் நேரா சுத்துமா?"

மெயினை அணைத்து, மூன்று கம்பியில் இரண்டை இடம் மாற்றினார். சுற்றியது. செயலாளர் வாசலோடு போனார். சத்தத்தைக் கேட்டுவிட்டு நிற்காமல் நடந்தார்.

ஆகஸ்ட் 14

போக்குவா சம்மதத் தாளோடு வந்தாள். லைன் இப்போது என் கடையோடு முடிகிறது. அடுத்த கம்பம் என் பக்கச் சுவரை ஒட்டி வருமாம், போன மாதம் நான் வைத்த ஜன்னல் மறையுமாம். தயங்கித் தயங்கிச் சொன்னாள். கையெழுத்து எங்கே என்று கேட்டேன். அவள் பேனா கொண்டுவரவில்லை. நான் போட மாட்டேன் என்று நினைத்திருக்கிறாள்.

என் பேனாவால் போட்டேன்.